மாமியார் வீட்டு வழியாகப் போன சங்கிலி

யொவாசி கிஸ்ஸாவுக்குச் சொந்த நிலம் என்று உள்ளங்கை அகலம் கூடக் கிடையாது. ஆனால் புகாண்டா ராஜ்யத்தில் அவன் கால் படாத நிலம் கொஞ்சம்தான். எட்டு வருஷமாக நில அளவைத் துரைகளோடு சங்கிலி இழுத்தவன். யாருக்கு எத்தனை மைல், யாருடைய மைல் எந்த ஓடையில் முடிகிறது, எந்தத் தலைவர் பக்கத்து மைலில் புகுந்து வாழைத்தார் வெட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நிலமில்லாதவனுக்கு நில விஷயம் இவ்வளவு தெரிந்திருப்பது ஒருவகை அநியாயம் என்பேன் நான். அவன் அப்படி நினைக்கவில்லை. எதையும் சிரித்துக்கொண்டே செய்கிற பிறவி அவன்.

இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறந்ததால் கிஸ்ஸா என்று பெயர். வேதக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட அந்தக் கெட்ட வருஷத்தில் அவனுக்கு எட்டு வயது. அப்பா அவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கோரைச் சதுப்பைக் கடந்து, கிவெம்பிக் குன்றின் அடியில் ஒரு மேட்டில் ஏறினார். அங்கேயே குடிசை போட்டு, வாழை வைத்து, ஒரு மரவுரி மரமும் நட்டு, ஏழு வருஷம் கழித்து அந்த மேட்டிலேயே கண்ணை மூடினார். அங்கேயே புதைத்தார்கள். அப்போது யாரும் அது யாருடைய நிலம் என்று கேட்கவில்லை. நிலமெல்லாம் ராஜாவான கபாக்காவுடையது. செத்தவர் கிடக்கிற மண் அவர் பிள்ளைகளுடையது. அவ்வளவுதான் கணக்கு.

பிறகுதான் வெள்ளைக்காரர்களோடு போட்ட அந்த ஒப்பந்தக் காகிதம் வந்தது. ஆயிரம் தலைவர்களுக்கு நிலத்தைச் சதுர மைல் கணக்கில் மைல் மைலாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பங்கு கொடுத்தார்களே தவிர, எது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அளப்பதற்குத் துரைமார் நாலைந்து பேர். ஊர் முழுக்க ஒரு பேச்சு, "சங்கிலி வந்துட்டுதா, சங்கிலி வந்துட்டுதா?" என்று. கிவெம்பிக்குச் சங்கிலி வந்து சேர்வதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. வந்தபோது அதன் முன்முனையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் கிஸ்ஸாவே.

கிவெம்பியில் மைல் வாங்கியவர் செடெக்கியா. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், சபவாலி என்ற அவருடைய பதவிப் பெயர்தான். தொப்பையும் நல்ல மனசும் உள்ள மனிதர். பத்து வருஷமாகத் தன் மைலைக் காலடியால் அளந்து அளந்து, குன்றின் உச்சியில் இருக்கும் பெரிய மரத்திலிருந்து சதுப்பின் கரை வரைக்கும் தன்னுடையது என்று மனசுக்குள் தீர்மானம் செய்து வைத்திருந்தார். சங்கிலி வந்த அன்று கிஸ்ஸா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டான்.

"ஐயா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். எங்கப்பன் கிடக்கிற மேடு ஒண்ணு போதும்."

"எந்த மேடு, அந்தச் சதுப்போரத்து மேடா? ரெண்டு ஏக்கர் இருக்குமா அது? எடுத்துக்கோடா. கல்லு நட்ட அன்னைக்கே உன் பேருக்கு எழுதித் தர்றேன். என் மைலுக்குள்ள விழணும், அது ஒண்ணுதான்."

"விழும் ஐயா. எனக்கு அந்த இடம் தெரியும். சரியா எண்பதாவது சங்கிலியில சதுப்பு வரும்."

எண்பது சங்கிலி ஒரு மைல். சபவாலியின் தொப்பை குலுங்கியது. "அப்ப நானும் நீயும் ஒரே கணக்குத்தான்" என்று ஒரு சுரைக்குடுக்கை வாழைக்கள்ளை அவன் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கிஸ்ஸா மேட்டுக்குப் போனான். அப்பாவின் குழிமேட்டில் ஒரு புல் இல்லை. சுற்றிலும் கூட்டிவிட்ட தடம். மரவுரி மரத்தின் கீழ்க்கிளைகளைக்கூட யாரோ கழித்து விட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக எப்போது ஊருக்கு வந்தாலும் அந்த இடம் அப்படித்தான் இருக்கும். ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் பெண்டாட்டி இதையும் பார்த்துக்கொள்கிறாளே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயைத் திறந்து அதை அவளிடம் சொன்னானா என்றால், இல்லை. ஆண்கள் அப்படித்தான்.

அந்தப் பெண்டாட்டியின் பெயர் நகாத்தோ. இரட்டையரில் இளையவள். இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்க்கு எங்கள் பக்கத்தில் நாலோங்கோ என்று தனி மரியாதைப் பெயர். அந்த நாலோங்கோதான் கிஸ்ஸாவின் மாமியார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் மாமியாரின் முகத்தை அவன் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது. தொடவே கூடாது. தொட்டால் கை நடுக்கம் வரும், சாகும்வரைக்கும் போகாது. பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு சுவரோ நாணல் வேலியோ இருக்க வேண்டும். கிஸ்ஸாவின் சித்தப்பா ஒருவர், தெரியாமல் மாமியாரின் பாயில் உட்கார்ந்துவிட்டு, கடைசிவரைக்கும் குடுக்கையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கிச் செத்தார். அவர் குடித்த குடிக்கு நடுங்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம் என்பான் புலாசியோ. புலாசியோ சங்கிலியின் பின்முனையைப் பிடிக்கிறவன். கல்யாணம் ஆகாதவன். அவன் சிரிக்கலாம்.

ஒருமுறை சந்தை வழியில் எதிரே நாலோங்கோ வருவதாக யாரோ குரல் கொடுத்ததும் கிஸ்ஸா யானைப்புல்லுக்குள் பாய்ந்தான். பாய்ந்தவன் உட்கார்ந்தது சிவப்பெறும்புப் புற்றில். மாமியார் நிதானமாகக் கடந்துபோகும்வரை அவன் மூச்சு விடவில்லை. மறுநாள் நகாத்தோ தன் அம்மா சொன்னதாக ஒரு செய்தி கொண்டுவந்தாள்: "மாப்ளே நல்ல மரியாதைக்காரரு. ஆனா புல்லு ஏன் அப்படிக் கூத்தாடிச்சு?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அளக்க வந்த துரைக்குச் செம்பட்டை முடி. ஊர்க்காரர்கள் அவருக்குச் சோளக்கதிர் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றுகால் கருவியில் கண்ணை வைத்து, குன்றின் உச்சி மரத்திலிருந்து சதுப்புவரைக்கும் நேர்கோட்டில் வேறு ஆட்களைக் கொண்டு கொடிகளை நடவைத்தார். மறுநாள் அந்தக் கொடி வழியே சங்கிலி போட வேண்டும். அன்று காலையிலேயே துரைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கொசுவலைக்குள் படுத்தபடி கையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னார். "நீ போ. கொடி பாத்து போ. எண்பது. அங்கே முளை அடி. வேற ஆள் சங்கிலி தொடக்கூடாது."

கிஸ்ஸாவும் புலாசியோவும் போனார்கள். சங்கிலிக்கொரு இரும்புக்குச்சி, சிவப்புத் துணி கட்டியது. கிஸ்ஸா முன்னால் குத்திக்கொண்டே போவான், புலாசியோ பின்னால் பிடுங்கிக்கொண்டே வருவான். அறுபத்து நாலாவது குச்சியைக் குத்திவிட்டு நிமிர்ந்த கிஸ்ஸா அப்படியே நின்றான். அடுத்த கொடி ஒரு வாழைத்தோட்டத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் நடுவில் ஒரு கூரை. கூரையிலிருந்து புகை.

"என்னடா நிக்கிறே?" என்றான் புலாசியோ.

"அது எங்க மாமியா வீடு."

"அதுக்கு?"

"அதுக்கா? கோடு நேரா அவங்க அடுப்பு மேல போகுதுடா!"

புலாசியோ எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாலோங்கோ வீட்டுக்குள்தான் இருந்தாள். அன்று ஊரில் ஒருத்தரும் வீட்டை விட்டு நகரவில்லை. சங்கிலி போகும்போது ஆளில்லாத வீடு எது என்று துரை எழுதிக்கொள்வார், பிறகு அந்த வீடு போயே போயிற்று என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். ஆகவே எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாரு அது?"

"நான்தான் தாயே. சங்கிலி வந்திருக்கு. ஒரு நிமிசம் வெளிய போயிருந்தீங்கன்னா..."

"வெளிய போனா வீட்டை எழுதிக்குவானாமே! செத்தாலும் நகரமாட்டேன். நீங்க வேலையைப் பாருங்க மாப்ளே."

வேலையைப் பார்ப்பது எப்படி? போனால் நோய். போகாவிட்டால் துரை. கிஸ்ஸா தலையைச் சொறிந்தான். பிறகு, எந்தச் சங்கிலிக்காரனும் செய்யக் கூடாத காரியத்தை, அதில் ஒரு தவறும் இருப்பதாகத் தோன்றாமலே செய்தான். வேலியை ஒட்டித் தோட்டத்தைச் சுற்றி வளைந்து போனான். வளைந்து போகும்போதும் சங்கிலியைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு குச்சியையும் நேர்மையாகக் குத்தி, ஒன்றுவிடாமல் எண்ணினான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினான் என்றே சொல்லலாம். எண்ணிக்கையில் அவன் ஒருநாளும் ஏமாற்றியவன் இல்லை. எண்பது வந்ததும் முளையை அடித்தான். அடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தபடி நிமிர்ந்தான்.

சதுப்பு இன்னும் தூரத்தில் இருந்தது. நடுவில் அப்பாவின் மேடு. மேட்டில் மரவுரி மரம்.

"எண்பது சரிதானே?" என்றான் புலாசியோ.

"சரிதான்" என்றான் கிஸ்ஸா.

மூன்று நாளில் துரை எழுந்து மற்ற மூன்று பக்கமும் அளந்தார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த முளைதான். சபவாலி கல் நடும் விருந்துக்கு மாடு பார்க்கச் சொல்லிவிட்டு முளையைப் பார்க்க வந்தார். பார்த்தவர் சதுப்பைப் பார்த்தார். மறுபடி முளையைப் பார்த்தார். பத்து வருஷக் காலடிக் கணக்கு அவர் முகத்தில் சரிந்ததைக் கிஸ்ஸா கண்ணால் கண்டான்.

"ஆறு சங்கிலி குறையுதே."

துரை தோளைக் குலுக்கினார். "மைல் இங்கே முடியுது. அங்கே அரசாங்க நிலம். ரப்பர் போடுறவங்க கேக்கிறாங்க."

சபவாலி பெருமூச்சு விட்டார். சண்டை போடவில்லை. "என் கால்தான் நீட்டி வச்சுட்டுது போல. சங்கிலி சொன்னா சரியாத்தான் இருக்கும்." பிறகு கிஸ்ஸாவின் தோளில் கை வைத்தார். "மனசு கஷ்டமா இருக்குடா. உங்கப்பன் மேடு என் கையில இல்லையே. இருந்தாத்தானே குடுப்பேன்?"

கிஸ்ஸா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். எட்டு வருஷமாக ஊரார் நிலத்தை ஒரு சாண் பிசகாமல் அளந்தவன், தன் அப்பனைத் தன் கையாலேயே எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டான். அப்பாவின் எலும்புமேல் ரப்பர் மரம்! வேர்க்கடலைக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவன் சாப்பாட்டைத் தொடாமல் இருந்ததைப் பார்த்து நகாத்தோ பயந்தே போனாள்.

"காய்ச்சலா? துரைக்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டுதா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். வளைந்து போனதுவரைக்கும் வந்ததும் நகாத்தோவின் வாய் கோணியது. "அம்மாவைச் சுத்தியா? தோட்டத்தைச் சுத்தியா?" என்று கேட்டுவிட்டு, பாயில் விழுந்து புரண்டு சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். பிள்ளைகளும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தன.

"சிரிக்காதடி. எங்கப்பன் போயிட்டார்."

"எங்க போனார்? அங்கேயேதான் கிடக்கார். கோடுதான் போயிடுச்சு. கோட்டைத் திருப்பிக் கூட்டிட்டு வா."

"எப்படிச் சொல்லுவேன்? வேலை போகும். சாட்டையடி கூட விழும்."

"விழட்டும். எண்ணெய் போட்டு விடறேன்" என்றாள் நகாத்தோ. எழுந்து இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கிஸ்ஸாவும் கிளம்பினான். சபவாலி வீட்டில் துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்தால் துரை வேறு ஜில்லாவுக்குப் போகிறார் என்று தெரிந்ததும் கிஸ்ஸா நேராகக் கிட்டே போனான். குனிந்து நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"ஐயா, கோடு வளைஞ்சிருக்கு. நான்தான் வளைச்சேன். அறுபத்து நாலுக்கும் அப்புறம் நேரா போகல."

துரையின் கோப்பை பாதி வழியில் நின்றது. "ஏன்?"

"நடுவுல மாமியா இருந்தாங்க."

"மாமியா? அது என்ன, பாம்பா? சிறுத்தையா?"

"அதுன்னா நடுவுல புகுந்து போயிருப்பேன் ஐயா."

சபவாலிக்குப் பொறுக்க முடியவில்லை. தேநீர் மூக்கில் ஏறி, இருமி, தொப்பையைத் தட்டிக்கொண்டு, தன் வேலிக்கு அப்பால் சமைத்துக்கொண்டிருந்த மனைவிகளைக் கூப்பிட்டு அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். "அடேய், என் மைல் முழுசா இருக்கு! என் கால் பொய் சொல்லல! கேட்டீங்களாடி?" பத்து வருஷக் காலடிக் கணக்கு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தது. துரை மட்டும் சிரிக்கவில்லை. கோபத்தில் அவர் முகம் முடியின் நிறத்துக்கு வந்தது. பிறகு சபவாலி மாமியார் விஷயத்தை விளக்கிச் சொன்னார். துரை கோப்பையைக் கீழே வைத்தார். இருட்டுவதற்கு முன் நேர்கோட்டில் மறுபடி இழுத்தாக வேண்டும், சம்பளம் கிடையாது, தானே கூட நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

எல்லோரும் நாலோங்கோவின் வேலிக்கு வந்து சேர்ந்தபோது ஊரே அங்கே கூடியிருந்தது. நகாத்தோவின் வேலைதான். வழியிலெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள்.

"தாயே, சபவாலி பேசறேன்" என்றார் தலைவர், வேலியைப் பார்த்து. "கொஞ்சம் வெளிய வந்து நில்லு. வீட்டை யாரும் எழுதிக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பு சரி ஐயா. துரை பொறுப்பா?" என்றது வேலிக்குள்ளிருந்து குரல்.

"அப்ப மாப்பிள்ளைக்குப் பதிலா புலாசியோ முன்முனையைப் பிடிக்கட்டும்."

"அந்தத் தின்னிப் பயலா? என் அடுப்படியில ஆம்பிளை கால் படாது. படறதா இருந்தா சட்டியைக் காலி பண்ணிட்டுப் போயிடுவான்."

ஊர் சிரித்தது. புலாசியோ மறுக்கவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். கிஸ்ஸா கூட்டத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, யானைப்புல்லின் ஓரமாக நின்றான். அப்பா, இந்த வேலியோடு முடிந்தது உன் கதை என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு குரல் மறுபடி வந்தது. இந்தமுறை கொஞ்சம் தாழ்ந்து.

"அந்தச் சங்கிலி என்ன கனம் இருக்கும்?"

யாருக்கும் புரியவில்லை. நகாத்தோவுக்குத்தான் முதலில் புரிந்தது. "தூக்கலாம்மா! தண்ணிக்குடத்தைவிட லேசு!"

"அப்ப கொண்டாந்து வேலியோரம் வைக்கச் சொல்லு. வச்சுட்டுத் தள்ளிப் போகச் சொல்லு. என் வீட்டுக்குள்ள நான் இழுக்கறேன். பின்முனையை நீ பிடி."

வேறு ஆள் சங்கிலியைத் தொடக் கூடாது என்ற துரையின் சட்டம் அந்த நிமிஷத்தில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி போட்டுக்கொண்டு, கருவிக்குப் பின்னால் போய்க் கண்ணை வைத்தார். "இழு" என்றார்.

கிஸ்ஸா சங்கிலியின் கைப்பிடியை வேலியோரத்தில் மண்ணில் வைத்துவிட்டு ஓடினான். தோட்டத்தைச் சுற்றி, அன்று சங்கிலியோடு போன அதே வளைவு வழியில், இன்று வெறுங்கையோடு ஓடினான். ஓடிக்கொண்டே வாழைகளுக்கு மேலாகக் கத்தினான்.

"தொய்ய விடாதீங்க தாயே! மன்னிக்கணும்! இழுத்துப் பிடிங்க! மன்னிக்கணும்!"

"என்னையா அதட்டுறீங்க மாப்ளே?"

"கும்பிட்டுக் கேக்கறேன் தாயே, கொஞ்சம் இடப்பக்கம்!"

"இடப்பக்கம் கள்ளுப்பானை இருக்கு!"

"பானையை நகத்துங்க தாயே!"

பானை நகர்ந்தது. கோழிகள் கத்தின. சங்கிலி முன்வாசலில் நுழைந்தது. அடுப்படியில் சாம்பலின் நடுவில் ஒரு இரும்புக்குச்சி குத்தப்பட்டது. படுக்கையைத் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே வந்தது. ஒவ்வொரு குச்சி குத்தும்போதும் நாலோங்கோ எண்ணைக் கத்தினாள். வெளியே நின்ற ஊர் அதைத் திருப்பிக் கத்தியது. அறுபத்தெட்டு! அறுபத்தொன்பது! எழுபதுக்குப் பெண்கள் குலவை போட்டார்கள். குழந்தை பிறந்த வீட்டில் கூட அப்படிக் குலவை கேட்டதில்லை என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலியின் மறுகோடியில், எழுபத்து நாலாவது குச்சியைக் குத்திவிட்டு, நாலோங்கோ கைப்பிடியை மண்ணில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிஸ்ஸா வந்து எடுத்துக்கொண்டான். கைப்பிடி சாம்பலாகி இருந்தது.

எழுபத்தைந்து. எழுபத்தாறு. மேடு வந்தது, கோட்டுக்கு உட்புறமாக. மரவுரி மரத்தின் நிழலில் எழுபத்தெட்டு விழுந்தது. எண்பதாவது குச்சியைக் குத்தும்போது கிஸ்ஸாவின் கணுக்கால் சதுப்பின் தண்ணீரில் இருந்தது. அவன் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு சிறுபிள்ளைபோலச் சிரித்தான். அப்பா அவனைத் தோளில் வைத்துக் கரையேறியது அந்த இடத்தில்தான். துரை புத்தகத்தைத் திறந்து, முன்முனை பிடித்தது யார் என்ற இடத்தில் யொவாசி கிஸ்ஸா என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதற்குப் பக்கத்தில் நாலோங்கோ என்றும் எழுதினார்.

நாலோங்கோவின் வீடு கோட்டின்மேல் மாட்டிக்கொண்டதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அடுப்பு சபவாலியின் மைலில், படுக்கை தெற்கத்தி மைல்காரரின் மைலில். குடிவாரத்தை அவர் வாங்குவார் என்று இவர் இருந்தார், இவர் வாங்குவார் என்று அவர் இருந்தார். கடைசிவரைக்கும் அவள் யாருக்கும் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை. யாராவது கேட்டால், "படுக்கையில கேட்டா அடுப்படிக்குப் போயிடுவேன்" என்பாள்.

மற்ற மூன்று பக்கத்தையும் துரை புதிய முளையிலிருந்து திருத்திக்கொண்டார். கல் நட்டார்கள். மாடு அறுத்தார்கள். வாழையிலைக் கட்டுக்குள் வெந்த இறைச்சியைப் புலாசியோ எத்தனை தின்றான் என்று எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டார்கள். சபவாலி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேடும் அதைச் சுற்றி இரண்டு ஏக்கரும் காகிதத்தில் ஏறின. கிஸ்ஸாவுக்குப் படிக்கத் தெரியும். தன் பெயரை மூன்றுமுறை படித்தான். பிறகு காகிதத்தை முகர்ந்து பார்த்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மிச்சம் ஒரு வேலை இருந்தது. காகிதம் துரைமாருக்கு. எங்களுக்கு எல்லை என்றால் செடி. பக்கத்து நிலக்காரர்கள் இருவரும் ஒரே கம்பை ஆளுக்கொரு கையால் பிடித்து மண்ணில் ஊன்ற வேண்டும். இருவர் கையும் பட்டு வேர்விட்ட செடியை எந்த வழக்கிலும் பிடுங்க முடியாது. கிஸ்ஸாவின் மேட்டுக்குப் பக்கத்து நிலம் யாருடையது? நாலோங்கோவின் வாழைத்தோட்டம்.

இந்தமுறை யாரும் தலையைச் சொறியவில்லை. நகாத்தோவும் புலாசியோவும் ஒரு பெரிய மரவுரியை இரண்டு பக்கமும் பிடித்துத் திரையாக விரித்தார்கள். இந்தப் பக்கம் கிஸ்ஸா மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்தப் பக்கம் நாலோங்கோ. ஆள்உயரக் கம்பை மண்ணில் நிறுத்தினார்கள். அடியில் அவன் கை, திரைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் அவள் கை. பன்னிரண்டு வருஷத்தில் அவன் பார்த்த மாமியார் அந்தக் கை மட்டும்தான். பருத்த முட்டியும், நகத்தில் ஈர மண்ணுமாக இருந்தது. அவன் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அன்று அவனுக்கு மனசு பொங்கி வழிந்தது. எட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. திரையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"நகாத்தோ, எல்லார் முன்னாலயும் சொல்றேன். நான் ஊர் ஊரா அலைஞ்சேன். எங்கப்பன் குழியில ஒரு புல்லு மொளைக்க விடாம நீதான் பாத்துக்கிட்டே. இந்த நிலத்துல பாதி உன்னுது."

நகாத்தோ திருதிருவென்று விழித்தாள். "நானா? ஆறு பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்க அந்தப் பக்கம் போனேன்? நீங்க போய்ச் செஞ்சுட்டு வர்றீங்கன்னுல்ல இருந்தேன்."

கிஸ்ஸா மெதுவாகத் தோட்டத்தைப் பார்த்தான். வேலியில், மேட்டைப் பார்த்த பக்கத்தில், ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அதிலிருந்து குழிமேடுவரைக்கும் புல் செத்துப்போன ஒரு ஒற்றையடித் தடம். எட்டு வருஷம் நடந்தால்தான் அப்படித் தடம் விழும். அவன் ஊரில் இருக்கும்போது ஒருநாளும் அதில் யாரும் நடந்து அவன் பார்த்ததில்லை. அவன் எதிரில் வந்துவிடக் கூடாதே என்று, அவன் இல்லாத நாளாகப் பார்த்து மாமியார்தான் நடந்திருக்கிறாள். இவளைச் சுற்றி வளைந்து போகத்தான் அவன் அப்பாவைத் தொலைக்கப் பார்த்தான்.

"தாயே..." என்றான். அதற்குமேல் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

"பக்கத்துல கிடக்கிற மனுசன்" என்றாள் நாலோங்கோ, திரைக்கு அந்தப் பக்கமிருந்து. "புதர் மண்டுனா பாம்பு வரும். அதுக்காகச் செஞ்சேன். அழாதீங்க, மண்ணு சேறாயிடும். சீக்கிரம் கம்பை ஊனுங்க மாப்ளே, எனக்குக் கை வலிக்குது."